தெருவைவிடத் தாழ்ந்த வீடு

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று மதியம் எங்கள் தெருவில் கேட்டவை: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் ஒன்று முதல் கியரிலேயே முனகிக்கொண்டு போனது. யார் வீட்டு மாடியிலோ தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. வேறொன்றுமில்லை. தொட்டி வழிந்தால் இங்கே யாரும் குரல் கொடுப்பதில்லை. வாட்ஸாப் குழுவில் எழுதுவார்கள். அதை உரியவர் பார்த்து மோட்டாரை நிறுத்துவதற்குள் பாதித் தெரு நனைந்திருக்கும். தாம்பரத்துக்கு மேற்கே, திருமகள் நகர், மூன்றாவது குறுக்குத் தெரு. யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்பதுதான் இந்த இடத்தில் எனக்குப் பிடித்தது.

பரிதி தூங்குகிறார். ஜூன் மாதம் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் ஒத்துழைப்பதில்லை. பேச்சில் இரண்டு சொற்கள் மிச்சம்: ‘அது’, ‘வேணாம்’. காபியைக் கண்டாலும் வேணாம், கசப்பு மாத்திரையைக் கண்டாலும் வேணாம். எது உண்மையான வேணாம் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர்; வாயைத் திறந்தால் மூடாதவர். மாலை ஐந்து மணிக்குத் தெருவில் இறங்கினால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒவ்வொரு வீட்டு விவகாரத்தையும் கேட்டுக்கொண்டுதான் திரும்புவார். என்னைத் தெருவுக்கு ‘பரிதி சார் வீட்டம்மா’ என்று தெரியும். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன் என்பதும் சிலருக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன்.

இப்போது விடுப்பில் இருக்கிறேன். ஐந்து மணிக்குச் சக்கர நாற்காலியில் அவரைத் தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு போய்வருகிறேன். அவர் இடது கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுகிறார். நான் தலையசைக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

தூறல். பால் பாக்கெட் ஒன்று கிழிந்திருந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

அரை மணி நேர மழைதான். அதற்குள் கேட்டுக்கு வெளியே தண்ணீர் தேங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

இந்தத் தெருவில் முதலில் கட்டிய வீடு எங்களுடையது. கட்டும்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி வர வேண்டும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே தாரை ஊற்றினார்கள். பிறகு வந்தவர்கள் ரோட்டைப் பார்த்து மனையை மேடாக்கிக் கட்டினார்கள். இப்போது எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு படி இறங்க வேண்டும். முதலில் வந்ததற்குக் கிடைத்த மரியாதை.

தம்பி முகிலன் வழக்கம்போலத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான். வீட்டை விற்றுவிட்டு அவன் இருக்கும் அடுக்ககத்துக்கே வந்துவிடச் சொல்கிறான். லிப்ட் இருக்கிறதாம், ஆறாவது மாடிக்கு வெள்ளம் வராதாம். ஆறாவது மாடியிலிருந்து பரிதி யாருக்குக் கை காட்டுவார் என்று நான் கேட்கவில்லை. இந்த மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் விற்றுவிடுகிறேன், வராவிட்டால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக்கூடாது என்றேன். அவன் சம்மதித்துவிட்டான். கொஞ்சம் சீக்கிரமாகவே சம்மதித்துவிட்டான்.

பரிதியின் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன். கட்டிலுக்குக் கீழே பெருக்குவதற்குச் சௌகரியமாக இருக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தெரு கிழக்கிலிருந்து மேற்கே சரிகிறது. தண்ணீரும் அப்படியே போய் மேற்குக் கோடியில் ஏரிக் கால்வாயில் விழ வேண்டும். அதற்குத்தான் வீடுகளுக்கு முன்னால் வடிகால் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வடிகாலைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதன் மேல் சிமெண்ட் சரிவு, எல்லோரும் சொல்கிறபடி ராம்ப். கார் ஏறுவதற்கு ஒருவர், வாசல் அகலமாகத் தெரிவதற்கு ஒருவர், கோலம் போட இடம் வேண்டும் என்று ஒருவர். டைல்ஸ் ஒட்டியவர்களும் உண்டு. எங்கள் வீட்டிலும் ஜூலையில் ஒன்று போட்டேன், சக்கர நாற்காலிக்காக. அடியில் குழாய் பதித்திருப்பதாகக் கொத்தனார் சொன்னார்.

இன்று ஒரு மூங்கில் குச்சியை அந்தக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தேன். ஒரு சாண் கூடப் போகவில்லை.

நான் குனிந்திருப்பதைப் பார்த்து மூலை வீட்டு நஸீர் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குச்சியை வாங்கித் தானும் குத்திப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுதுலயும் இப்டிதான் இருக்கும் மேடம்” என்றார். சேர்ந்து தோண்டலாமா என்று கேட்டார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நன்றியும் சொன்னேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம், செயலாளர் கோதண்டபாணி வீட்டுப் போர்டிகோவில். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடையது மேற்குக் கோடியில் கடைசி வீடு. ராம்ப் முழுவதும் பளபளக்கும் கிரானைட், நடுவில் பெயிண்டால் போட்ட பெரிய தாமரைக் கோலம்.

இத்தனை வருடத்தில் நான் போன முதல் கூட்டம். எப்போதும் பரிதி போவார். நாய்த் தொல்லை, கேமரா, பொங்கல் விழா என்று பேசிக்கொண்டே போனார்கள். கடைசியில் நான் எழுந்து, ராம்ப்களை உடைத்து வடிகாலைத் திறந்தால் ஒழியத் தண்ணீர் போகாது என்றேன். ஒவ்வொருவரும் எங்கள் ராம்புக்கு அடியில் குழாய் இருக்கிறது என்றார்கள். எல்லோர் வீட்டிலும் குழாய் இருக்கிறது, தெருவில் தண்ணீர் நிற்கிறது. வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு குச்சி விட்டுப் பாருங்கள் என்றேன். சிரித்தார்கள்.

கோதண்டபாணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ரொம்ப சரி மேடம். அப்ப மொதல்ல உங்க வீட்டுல இருந்தே ஆரம்பிக்கலாமே?” என்றார்.

என் வீட்டு ராம்ப் எதற்கு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், காதுமடல் சிவந்துவிட்டது.

“சரி, நாளைக்கே” என்றேன்.

திரும்பும்போது எதிர்வீட்டுப் பாக்கியம் கூடவே நடந்து வந்தார். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவர். தெருவில் சத்தமாகப் பேசும் ஒரே ஆள்; பரிதியை அண்ணன் என்பார். “ஏன் மேடம், எங்க அண்ணனுக்குப் போட்டதுதானா அந்த மனுசன் கண்ணுல பட்டுச்சு? போய் நாலு வார்த்த கேட்டுட்டு வரேன் இருங்க” என்று திரும்பினார். எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை என்று சொல்லி நிறுத்தினேன். குரல் கொஞ்சம் கடுமையாகிவிட்டது.

அக்டோபர் 6, திங்கள்

உடைத்தாயிற்று. குழாயை வெளியே எடுத்து இரண்டாக வெட்டினார் கொத்தனார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை கெட்டித்த மண். நடுவில் ஒரு புல் வேர் பிடித்திருந்தது. மூன்றே மாதத்தில்.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பரிதி, “வேணாம்” என்றார். முகத்தைப் பார்த்தேன். இந்த முறை உண்மையான வேணாம்தான்.

அக்டோபர் 8, புதன்

வாசலில் இப்போது இரண்டு படி, அதற்கு மேல் திறந்த பள்ளம், அதைத் தாண்டினால் ரோடு. நான் தாண்டிவிடுகிறேன். நாற்காலி தாண்டாது. பலகை போட்டுப் பார்த்தேன்; சக்கரம் வழுக்கிக்கொண்டு வருகிறது. கழற்றி மாட்டுகிற மாதிரி இரும்பில் சரிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் மழைக்காலம் முடியட்டும் என்கிறார்கள்.

ஐந்து மணிக்கு அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ஐந்து மணிக்கு அழைப்பு மணி. பாக்கியமும் நஸீரும். பாக்கியம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்.

“தூக்கிட்டுப் போப்போறோம். நீங்க கொஞ்சம் நவுந்து நில்லுங்க.”

அவசியமில்லை, சிரமம் வேண்டாம், பழகிக்கொண்டோம் என்றேன். பாக்கியம் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, “அண்ணே, வெளிய போலாமா?” என்றார்.

பரிதி “வேணாம்” என்று சொல்லிவிட்டு, ஜூனுக்குப் பிறகு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

முன்னால் நஸீர், பின்னால் பாக்கியமும் நானும். தூக்கும்போது நாற்காலியைவிட அவர் சிரிப்புத்தான் ஆட்டம் காட்டியது. “அண்ணே, சிரிச்சீங்கன்னா உள்ள போட்ருவேன். அப்றம் உங்கள எடுக்க கிரேன் சொல்லணும்” என்று மிரட்டினார் பாக்கியம். தெருக்கோடிவரை போய்த் திரும்பினோம். திரும்பும்போதும் காத்திருந்து தூக்கி உள்ளே விட்டார்கள்.

மூன்று நாள் வருவார்கள் என்று நினைக்கிறேன். இரக்கத்தின் சராசரி ஆயுள் அவ்வளவுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

என் கணிப்பு தவறு. இன்றும் வந்தார்கள்.

பாக்கியம் வீட்டு வாசலில் காலையிலிருந்து கடப்பாரைச் சத்தம். அவரும் ராம்பை உடைத்துவிட்டார். மாவு வாங்க வருகிறவர்கள் தூக்குவாளியோடு பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, “தெனம் ஒங்க வீட்டுப் பள்ளத்துல கால வெச்சுத் தூக்குறேன். எங்க வீட்டு வாசல் மட்டும் வழவழன்னு இருந்தா எனக்கே அசிங்கமா இருக்கு அண்ணி” என்றார்.

கவனிக்க: மேடம் போய் அண்ணி வந்திருக்கிறது. கணவரை அண்ணன் என்பதால் இது தர்க்கரீதியாகச் சரிதான்.

நஸீரும் உடைத்துவிட்டார். அவர் வீட்டுக் குழாய்க்குள் ஒரு பொம்மைக் கார் இருந்ததாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையில் மழை, பட்டாசுகள் சுரத்தில்லாமல் வெடித்தன. பாக்கியம் அதிரசம் கொண்டுவந்தார். பதிலுக்கு என்ன தருவது என்று யோசித்து, பிரிக்காமல் வைத்திருந்த பாதாம் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் அங்கேயே பிரித்துப் பரிதிக்கு ஊட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் உடைத்துக்கொண்டே போகிறார்கள். ஐந்து மணிக்கு நாற்காலி பள்ளத்தைத் தாண்டுவதைப் பார்க்கத் தெருவில் ஆள் நிற்கிறது. அவர்களில் இரண்டு பேராவது மறுநாள் கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். சங்கத் தீர்மானம் எதுவும் போடப்படவில்லை. இவ்வளவு நாள் வாட்ஸாப்பில் பூவும் வணக்கமும் தொட்டி வழிகிற செய்தியும் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது அவரவர் வீட்டுக் குழாயிலிருந்து எடுத்த மண்ணைப் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

கடைசியில் ஒன்று மட்டும் நிற்கிறது, கோதண்டபாணியின் கிரானைட். தெருத் தண்ணீர் முழுவதும் ஓடிப் போய் அங்கே முட்டி, அதே வேகத்தில் பின்வாங்கி, தாழ்ந்த இடமான எங்கள் வாசலுக்கு வருகிறது. இன்று காலை முதல் படி நனைந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

கோதண்டபாணியோடு யாரும் பேசுவதில்லையாம். தெருவில் நடந்தால் காதுபட ஏதாவது சொல்கிறார்களாம். பாக்கியம் இதைக் கொண்டாட்டமாகச் சொன்னார். அந்தக் கொண்டாட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. அவரை உடைக்க வைப்பது வேறு, அவரை உடைப்பது வேறு.

மாலை அவர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் நானாகப் போனது இதுதான் முதல் முறை. அவர் உட்காரச் சொல்லிவிட்டு எதிரே விறைப்பாக உட்கார்ந்தார், ராம்ப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து. அவர் மனைவி காபி கொடுத்தார். வாசல் தாமரைக் கோலம் அவர்கள் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் தன் கையால் போட்டது என்றார். மகள் இப்போது ஆஸ்திரேலியாவில். “போன்ல பேசறப்பல்லாம் கோலம் மங்கிடுச்சான்னு கேப்பா. இவர் வருஷா வருஷம் குனிஞ்சு ஒக்காந்து அதே கலர்ல தீட்டுவார்.” கோதண்டபாணி காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ராம்ப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாளை மாலை நஸீருக்கு வண்டி வேலை இருக்கிறது, நாற்காலி தூக்க ஒரு ஆள் குறைகிறது என்றேன்.

“நீங்க வந்து ஒரு பக்கம் பிடிக்க முடியுமா சார்?”

பட்டமளிப்பு விழா மேடையில்கூட என் குரல் இப்படி நடுங்கியதில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, “அஞ்சு மணிக்குத்தானே?” என்றார்.

அக்டோபர் 25, சனி

வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். மதியம் பெய்த மழையில் பள்ளத்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. ஓடாத தண்ணீர், மேலே மாவுக் கழுவல் நுரை மிதந்தது. நாற்காலியைப் பிடிக்க வேண்டுமென்றால் அதில் இறங்கித்தான் ஆக வேண்டும். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேன்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். பாக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ரோட்டில் நாற்காலியை வைத்த பிறகு பரிதி இடது கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. “அது... அது...” என்றார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்கும் தெரியாது. கோதண்டபாணி ஈரக் கால்களோடு அப்படியே நின்றார். “வெறும் கேட்ட தாண்டறதுக்கு தெனம் இவ்ளோவா?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

நஸீருக்கு இன்று வண்டி வேலை எதுவும் இருக்கவில்லை, வீட்டில்தான் இருந்தார் என்று பாக்கியம் பிறகு ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னார். அப்படியா, நான்தான் கிழமையை மாற்றி நினைத்திருப்பேன்.

அக்டோபர் 27, திங்கள்

கோதண்டபாணி வீட்டு கிரானைட்டை எடுக்கிறார்கள். தாமரை போட்ட பலகைகளை மட்டும் உடைக்காமல் நெம்பி எடுக்கச் சொல்லி, கொத்தனார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஒரு இதழின் ஓரத்தில் சின்ன விரிசல், மற்றபடி முழுதாக வந்துவிட்டது. கேட்டுக்கு உள்ளே தரையில் பதிக்கப்போகிறார்களாம்.

நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். அவர், “மேடம், எங்க வீட்லயும் பைப் இருந்துது” என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

நவம்பர் 9, ஞாயிறு

இயன்முறைப் பயிற்சி. துணி காயவில்லை. முகிலன் வானிலை அறிக்கையை அனுப்பியிருக்கிறான், குறிப்பு எதுவும் எழுதாமல்.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்றிலிருந்து விடாமல் மழை. விடியும் முன்பே மின்சாரம் போய்விட்டது. சாமான்களை மேசை மேல் ஏற்றினேன். சான்றிதழ்கள், மாத்திரைகள், அவருடைய ரயில்வே கடிகாரம். ஒரு பையில் இரண்டு பேருக்கும் மாற்றுத் துணி. எடுத்து வைப்பது நல்ல பழக்கம்தானே.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ரோட்டிலிருந்து முதல் படியில் இறங்கியது. பிறகு இரண்டாவது படியில். கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசற்படிக்கு இன்னும் ஒரு சாண்கூட இல்லை. முகிலனுக்கு என்ன சொல்வது என்பதை மனத்துக்குள் வாக்கியமாக அமைத்துக்கூடப் பார்த்துவிட்டேன்.

மழைத்திரைக்குள் ஆட்கள் அசைவது அப்போதுதான் தெரிந்தது. நஸீர் கம்பியோடு பள்ளத்துக்குள் நின்றார். பாக்கியம் தலையில் அரிசிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மாவு கிளறும் கரண்டியால் குப்பையை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். மேற்குக் கோடியில் கோதண்டபாணி அரைக்கால் சட்டையோடு, குடையை விரிக்காமல் அதன் வளைந்த பிடியை வடிகாலுக்குள் விட்டு எதையோ இழுத்தார். ஒரு தெர்மோகோல் பலகை, யார் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வந்ததோ. அது வெளியே வந்ததும் தெரு முழுவதும் ஒரு சத்தம் எழுந்தது. தொண்டையைக் கனைப்பதுபோல முதலில், பிறகு ஒரே இரைச்சல். மூடிக் கிடந்த வடிகாலின் குரலை இன்றுதான் கேட்டேன்.

முதல் படி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது படியும்.

உள்ளே வந்தேன். பரிதி ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நனைந்திருந்தது, சாரலாக இருக்கலாம். இடது கையால் வெளியே காட்டினார்.

“அது... போவுது” என்றார். “மணி, தண்ணி போவுது.”

நான் மூன்று முறை சொல்லச் சொன்னேன். பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்வதற்கு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் அல்லவா. மூன்று முறையும் சொன்னார். என் பெயரோடு.

நவம்பர் 24, திங்கள்

மீண்டும் கல்லூரி. பரிதியைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறேன். நடுநடுவே பாக்கியமும் எட்டிப் பார்ப்பார், வேண்டாமென்றால் கேட்கவா போகிறார்.

ஆசிரியர் அறையில் எல்லோரும் மழைக்கதை சொன்னார்கள். யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்று. என்னைக் கேட்டதும், “எங்க தெருவுல ஒரு சொட்டு நிக்கல” என்றேன். சொன்ன வேகத்தைப் பார்த்து இரண்டு பேர் திரும்பினார்கள். கேட்காமலே மேற்கொண்டும் சொன்னேன்: குழாய், குச்சி, தாமரை, குடைப்பிடி. மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முகிலனுக்குச் செய்தி அனுப்பினேன்: ‘வரவில்லை.’ கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். ராம்ப் இல்லாததால் எல்லோரும் வடிகாலின் இரு கரையிலும் அகல் வைத்தார்கள். நேர்கோடாக மேற்குக் கோடிவரை எரிந்தது. தெருவின் நீளம் இவ்வளவு என்று இப்போதுதான் தெரிகிறது.

காலையில் பட்டறையிலிருந்து இரும்புச் சரிவு வந்துவிட்டது. கம்பி வலை, கீழே தண்ணீர் ஓடுவது தெரிகிறது, மழையில் கழற்றிவிடலாம். நாற்காலியை நான் ஒருத்தியே தள்ளி ஏற்றிப் பார்த்தேன். சுலபமாக ஏறுகிறது. இனி தூக்க ஆள் தேவையில்லை என்று மூன்று வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன்.

ஐந்து மணிக்கு மூன்று பேரும் வந்து நின்றார்கள். “சும்மாதான்” என்றார் கோதண்டபாணி. டீ போட்டு வைத்திருந்தேன், பால் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால். பரிதி எல்லோர் பெயரையும் சொல்லிப் பார்த்தார். நஸீர் பெயர் மட்டும் சரியாக வந்தது. பாக்கியம் கோபித்துக்கொண்டதுபோல் நடித்தார்.

அவர்கள் போன பிறகு கட்டில் கால்களுக்கு அடியில் இருந்த செங்கற்களை எடுத்துப் பின்வாசலில் அடுக்கிவிட்டேன். பெருக்குவதற்கு இனிக் கொஞ்சம் சிரமம்தான்.